நிமிர்ந்த சைக்கிளுக்கு வளைந்த ஹேண்டில்பார்

டிராப் ஹேண்டில்பார் என்பது பந்தய சைக்கிள்களில் காணப்படும், கடாவின் கொம்புபோல் முன்னே நீண்டு கீழே வளையும் கைப்பிடி. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளின் நேரான ஹேண்டில்பாரையோ பின்னோக்கி மடிந்த ஹேண்டில்பாரையோ கழற்றிவிட்டு இதைப் பொருத்துகிறவர்கள் பல நாடுகளிலும் உண்டு. புது சைக்கிள் வாங்காமல், இருக்கும் வண்டியையே உடம்புக்கு ஏற்றதாக ஆக்கிக்கொள்ளலாம் என்பதே அவர்களின் எண்ணம். அளவு பார்த்துச் செய்தால் அது கைகூடும். அளவு பார்க்காமல் செய்தால் முன்பு மணிக்கட்டில் இருந்த வலி தோளுக்கும் கழுத்துக்கும் போகும்.

சிங்கப்பூரின் செம்பவாங் வட்டாரத்துக்கு சைக்கிள் புதிதன்று. இங்கே பிரிட்டிஷார் கட்டிய கடற்படைத் தளத்தின் பெரிய கப்பல்துறை 1938 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 1971இல் அவர்கள் வெளியேறும்வரை தளத்தில் வேலை பார்த்த தமிழர், மலையாளிகள் பலருக்கு சைக்கிள்தான் வாகனம். வீட்டிலிருந்து வேலையிடத்துக்கும் கடைக்கும் போய்வர நிமிர்ந்த சைக்கிளே சரியானது. இன்று ஓட்டும் தூரம் மாறிவிட்டது. உட்லண்ட்ஸ், செம்பவாங், ஈசூன் நகரங்களை இணைக்கும் பூங்கா இணைப்புப் பாதைகளின் வடக்குச் சுற்று ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஜொகூர் நீரிணையை ஒட்டிய பகுதிகளில் எதிர்க்காற்றும் சேர்ந்துகொள்ளும். நிமிர்ந்த மார்பு அந்தக் காற்றை முழுதாக வாங்கும்.

நேரான ஹேண்டில்பாரில் கைக்கு ஒரே இடம்தான். உள்ளங்கை தரையைப் பார்த்தபடி, ஒரே நிலையில் மணிக்கணக்கில் அழுந்துகிறது. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் செல்லும் உல்னார் நரம்பு நசுங்கி, அவ்விரு விரல்களும் மரத்துப்போவது நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களிடம் அடிக்கடி காணும் தொல்லை. டிராப் ஹேண்டில்பாரில் கை வைக்க மூன்று இடங்கள் உண்டு: மேலே உள்ள நேர்ப்பகுதி, பிரேக் லிவரின் தலைப்பகுதி, கீழ் வளைவு. நடுவில் சொன்ன இடத்தில் இரு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்த்திருக்கும். மணிக்கட்டுக்கு அதுவே இயல்பான நிலை. மூன்று இடங்களுக்கும் கையை மாற்றி மாற்றி வைக்க முடிவதுதான் இந்த ஹேண்டில்பாரின் உண்மையான பயன். வேகம் அதற்குப் பிறகுதான்.

ஆனால் உடம்புக்குப் பொருந்துவதைத் தீர்மானிப்பது ஹேண்டில்பார் அன்று, ஃபிரேம். பலரும் கவனிக்கத் தவறும் இடம் இது. நேரான ஹேண்டில்பாருக்காகச் செய்த ஃபிரேம், அதே உயரமுள்ளவருக்கான பந்தய ஃபிரேமைவிடப் பொதுவாக நீளமானது. கை எட்டவேண்டிய தூரத்தை அந்த நீளமே கொடுத்துவிடுகிறது. பந்தய ஃபிரேம் குட்டையாக இருப்பது, டிராப் ஹேண்டில்பார் தானே முன்னால் நீளும் என்ற கணக்கில்தான். ஓர் எடுத்துக்காட்டு: ஃபிரேமின் மேல்குழாய் நீளம் 580 மில்லிமீட்டர், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் 100 மில்லிமீட்டர் என்று கொள்வோம். கை 680 மில்லிமீட்டரில் இருக்கும். இதில் டிராப் ஹேண்டில்பாரை மாட்டினால், அதன் முன்வளைவு 75, பிரேக் லிவரின் தலைப்பகுதி சுமார் 25 எனக் கை இன்னும் 100 மில்லிமீட்டர் முன்னே போகும். ஸ்டெம்மை 50 மில்லிமீட்டராகக் குறைத்தாலும் பழைய நிலையைவிட 50 மில்லிமீட்டர் தள்ளித்தான் எட்ட வேண்டும்.

ஆகவே இந்த மாற்றம் யாருக்கு நன்மை தரும் என்பது தெளிவு. வண்டி சற்றுச் சிறியதாக இருந்து, முழங்கால் ஹேண்டில்பாரை நெருங்கி, முதுகைக் கூனிக்கொண்டு ஓட்டுகிறவருக்கு அந்தக் கூடுதல் நீளம் மருந்து. இப்போதே கை நீட்டித்தான் பிடிக்கவேண்டியிருக்கிறது என்பவருக்கு அது கேடு. பின்னோக்கி மடிந்த ஹேண்டில்பார் உள்ள வண்டிகளில் வேறுபாடு இன்னும் பெரிது. கை ஒரு சாண் அளவுக்கோ அதற்கு மேலோ முன்னே நகரும், இடுப்பு முன்னோக்கிச் சாயும். நிமிர்ந்து உட்காருவதற்கான அகலமான ஸ்பிரிங் சீட் அப்போது தொடையில் உரசும். சீட்டையும் சேர்த்து மாற்றவேண்டி வரும்.

வாங்கும் முன் இப்போதைய நிலையை அளந்து எழுதிக்கொள்வது அவசியம்: சீட் நுனியிலிருந்து கை பிடிக்கும் இடம்வரை, தரையிலிருந்து சீட், தரையிலிருந்து ஹேண்டில்பார். முன்வளைவு 70 முதல் 80 மில்லிமீட்டரும் கீழிறக்கம் 120 முதல் 130 மில்லிமீட்டரும் உள்ள குறுகிய வகையே இத்தகைய மாற்றத்துக்கு நல்லது. அகலம் தோள் எலும்புகளின் அகலத்தை ஒட்டி இருக்கட்டும். முதலில் ஹேண்டில்பாரின் மேற்பகுதியை சீட் உயரத்துக்கே வைத்துப் பழகவேண்டும். அமெரிக்க வீரர் ஜான் டோமாக் 1990இல் மலைப்பாதைப் பந்தயங்களிலும் டிராப் ஹேண்டில்பார் பொருத்திய சைக்கிளையே ஓட்டினார். அந்த ஆண்டு அவர் சாலைப் பந்தயங்களிலும் போட்டியிட்டதால், இரண்டு வண்டியிலும் உடம்பு ஒரே நிலையில் இருக்கவேண்டும் என்பது அவர் நோக்கம். சாலைப் பந்தய நிலைக்கு உடம்பு பழகியவர் செய்த தேர்வு அது. பழகாதவர் மெதுவாகத்தான் அந்த நிலைக்கு வரவேண்டும்.

ஸ்டெம் பிடிக்கும் இடத்தில் ஹேண்டில்பாரின் தடிமன் 25.4, 26.0, 31.8 மில்லிமீட்டர் என்று வேறுபடும். 26.0ஐ 25.4 ஸ்டெம்மில் இறுக்கித் திணிப்பது ஆபத்து, ஓட்டத்தில் உடையலாம். ஃபோர்க் குழாய்க்குள் இறங்கும் பழைய வகை ஸ்டெம்மை உயர்த்துகிறவர்கள் அதில் பொறித்துள்ள எல்லைக்கோட்டைத் தாண்டவே கூடாது. செம்பவாங் போன்ற கடலோரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு: இரும்புக் குழாய்க்குள் அலுமினிய ஸ்டெம் ஈரத்திலும் உப்பிலும் இறுகிப்போகும். கிரீஸ் தடவித்தான் செருகவேண்டும்.

உயிரோடு தொடர்புடையது பிரேக். நேரான ஹேண்டில்பாரில் கை பிடிக்கும் பகுதியின் தடிமன் 22.2 மில்லிமீட்டர், டிராப் ஹேண்டில்பாரில் 23.8. பழைய லிவர்களும் கியர் ஷிஃப்டர்களும் புதியதில் ஏறா. புது லிவர் வாங்கும்போது அது எவ்வளவு கேபிளை இழுக்கும் என்பதைப் பார்க்கவேண்டும். பந்தய வண்டிகளின் பிரேக்குக்குக் குறைந்த இழுப்பு போதும். நீண்ட கைகள் கொண்ட வி-பிரேக்குக்கு ஏறத்தாழ இரு மடங்கு வேண்டும். சாதாரணப் பந்தய லிவரை வி-பிரேக்குடன் இணைத்தால், ரிம்மைக் கட்டை சரியாகக் கவ்வும் முன்பே லிவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும். வி-பிரேக்குக்கென்றே செய்த டிராப் லிவர்கள் உண்டு, டெக்ட்ரோ ஆர்எல் 520 அவற்றுள் பெயர்பெற்றது. கேபிள் டிஸ்க் பிரேக்கிலும் சாலை வகை, மலை வகை என்ற வேறுபாடு உண்டு. ஆயில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் செலவு எக்கச்சக்கமாக ஏறும். அத்தகைய வண்டியில் கை வைக்காமல் இருப்பதே மேல்.

கியர் இவ்வளவு கடினமன்று. பிரேக்கும் ஷிஃப்டரும் ஒன்றான லிவரை ஷிமானோ 1990இல் பந்தய வண்டிகளுக்குக் கொண்டுவந்தது. வசதியானது, ஆனால் விலை கூடியது. ஹேண்டில்பாரின் நுனியில் செருகும் ஷிஃப்டர் மலிவு. ஷிமானோவில் பின்னால் 9 பல்சக்கரம்வரை உள்ள மலை வண்டிகளின் டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) பொதுவாகப் பந்தய ஷிஃப்டருடன் ஒத்துப்போகும். 10இலிருந்து ஒத்துப்போகாது.

அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் செய்த ஹெர்குலிஸ் போன்ற கம்பி பிரேக் வண்டியைப் பாசத்தோடு வைத்திருப்பவர்கள் அதை அப்படியே விட்டுவிடலாம். அதில் பிரேக் கம்பி ஹேண்டில்பாரோடு பிணைந்தது. அதன் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை மேல்நோக்கி அழுத்துகின்றன. பக்கவாட்டில் தட்டையான பரப்பு இல்லாததால் கேபிள் பிரேக் அந்த ரிம்மைப் பிடிக்காது. ஹேண்டில்பாரை மாற்றினால் பிரேக், ரிம், சக்கரம் எல்லாம் மாறவேண்டும். பின்னோக்கிச் சாய்ந்த அந்த ஃபிரேமில் டிராப் ஹேண்டில்பார் எட்டாத தூரத்திலும் போய் நிற்கும்.

சிங்கப்பூரில் நடைபாதையில் சைக்கிளுக்கு மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 கிலோமீட்டர் என்பது வேக வரம்பு. குறைந்தது ஒரு கைப்பிரேக் வேலை செய்யவேண்டும் என்பதும் விதி. குழந்தைகளும் முதியவர்களும் நடக்கும் பாதையில் பலரும் மேல்பகுதியையே பிடித்து நிமிர்ந்து ஓட்டுவார்கள். அங்கிருந்து பிரேக் லிவர் எட்டாது. கேபிளின் நடுவே பொருத்தும் சிறு துணை லிவர்கள் இந்தக் குறையைத் தீர்க்கும். குறைந்த இழுப்புள்ள பிரேக் உள்ள வண்டிகளில் அவற்றைத் தயங்காமல் போடலாம்.

கேபிள்களையும் அவற்றின் உறைகளையும் புதிதாகவே போட்டு, ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பினாலும் அவை இழுபடாத நீளத்துக்கு வெட்டவேண்டும். ஹேண்டில்பார் டேப்பை நுனியிலிருந்து நடுவை நோக்கிச் சுற்றி, திறந்த நுனிகளை மூடியால் அடைக்கவேண்டும். மூடாத குழாய் விழும்போது உடம்பைக் கிழிக்கும். வியர்வையின் உப்பு டேப்புக்கு அடியில் அலுமினியத்தை அரிக்கும் என்பதால், இந்தத் தட்பவெப்பத்தில் ஆண்டுக்கு ஒரு முறையாவது டேப்பைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. வேலை முடிந்ததும் முன்சக்கரத்தைக் கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை முழு பலத்தோடு திருகிப் பார்க்கவேண்டும். அது அசையவில்லை என்றால், வண்டி நடமாட்டம் இல்லாத இடத்தில் மூன்று பிடியிலிருந்தும் பிரேக்குக்குக் கையைக் கொண்டுபோய்ப் பழகிய பிறகே செம்பவாங் ரோட்டில் இறங்குங்கள். முதல் சில ஓட்டங்களுக்குப் பின் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள்.