எழுத்தாளர் வந்து சென்ற பிறகு

1953ஆம் ஆண்டில், வணிகரும் கொடையாளருமான லீ கோங் சியான், சிங்கப்பூரில் ஒரு பொது நூலகம் கட்டுவதற்காக 375,000 வெள்ளி நன்கொடை வழங்க முன்வந்தார். அந்த நன்கொடையோடு சில நிபந்தனைகளும் வந்தன. நூலகம் கட்டணமின்றி எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். ஆங்கில நூல்களோடு ஆசிய மொழி நூல்களுக்கும் அங்கே இடம் வேண்டும். அதுவரை இருந்த ராஃபிள்ஸ் நூலகத்தில் சந்தா செலுத்தியவர்களே நூல்களை இரவல் பெற்றனர். அங்கிருந்தவற்றுள் பெரும்பாலானவை ஆங்கில நூல்கள். லீ கோங் சியான் கேட்டபடியே உருவான தேசிய நூலகம், 1960 நவம்பர் 12ஆம் தேதி ஸ்டாம்ஃபர்ட் சாலையில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் நடமாடும் நூலகச் சேவையும் தொடங்கியது.

செங்கல் நிறத்தில் இருந்த அந்தக் கட்டடம் இன்று இல்லை. சுரங்கச் சாலைக்காக அது 2004ஆம் ஆண்டில் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு விக்டோரியா தெருவில் புதிய தேசிய நூலகக் கட்டடம் திறக்கப்பட்டது. தேக்காவிலிருந்து அங்கே நடந்தே சென்றுவிடலாம். கதவு திறந்திருக்கிறது, தமிழ் நூல்கள் அடுக்கில் இருக்கின்றன, சிங்கப்பூரர்கள் நூல்களை இரவல் பெறக் கட்டணம் இல்லை. அப்படியிருந்தும் பதினைந்து வயது மாணவர் ஒருவர் தாமாகவே அந்த அடுக்கின் பக்கம் செல்வது ஏன் அரிதாக இருக்கிறது?

வாசிக்கத் தெரியாததால் என்று சொல்ல முடியாது. 2022ஆம் ஆண்டில் பல நாடுகளைச் சேர்ந்த பதினைந்து வயது மாணவர்களிடம் நடத்தப்பட்ட பீசா தேர்வில், வாசிப்பில் சிங்கப்பூர் 543 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. ஆனால் ஒருவரால் எவ்வளவு நன்றாக வாசிக்க முடியும் என்பதைத்தான் அந்தப் புள்ளி காட்டுகிறது. அவர் தேர்வு இல்லாத ஒரு சனிக்கிழமை மாலையில் என்ன செய்கிறார் என்பதை அது காட்டாது. மேலும், நம் மாணவர்கள் அந்தத் தேர்வை எழுதியது ஆங்கிலத்தில்.

தமிழின் நிலை இன்னும் நுட்பமானது. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 3.3 விழுக்காடு, 2020ஆம் ஆண்டில் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. வீட்டில் காதில் விழாத சொற்களை ஒரு மாணவர் வேறெங்கே சந்திப்பார்? வகுப்பறையில் சந்திக்கலாம், ஆனால் வகுப்பறைக்கு வாரத்தில் சில மணி நேரமே உண்டு. மற்ற நேரத்தில் அச்சொற்களை மீண்டும் மீண்டும் அவர்முன் கொண்டுவந்து நிறுத்தக்கூடியது புத்தகம்தான்.

இங்கே இன்னொரு தடையும் உண்டு. தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குப் படக்கதைகள் நிறைய இருக்கின்றன. பெரியவர்களுக்கு நாவல்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் இருப்பவர்களுக்குத் தமிழில் நூல்கள் குறைவு. முயலும் ஆமையும் பேசிக்கொள்ளும் கதையைக் கையில் வைத்திருக்க உயர்நிலை மூன்று மாணவர் கூச்சப்படுவார். நானூறு பக்க நாவலைக் கண்டால் மலைப்பார். இதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமன்று. அவருக்கு ஏற்ற அளவில் உடை தைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடைவெளியைக் குறைக்கப் பள்ளிகள் கையாளும் வழிகளில் ஒன்று, எழுத்தாளரைப் பள்ளிக்கு அழைப்பது. ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவை ஒட்டியும், பள்ளிகள் நடத்தும் இருவாரத் தாய்மொழி நிகழ்ச்சிகளின்போதும் இத்தகைய சந்திப்புகள் நடைபெறுகின்றன. 1986ஆம் ஆண்டில் தொடங்கிய சிங்கப்பூர் எழுத்தாளர் விழாவும் நான்கு அதிகாரத்துவ மொழி எழுத்தாளர்களையும் வாசகர்கள் முன் கொண்டுவருகிறது.

எழுத்தாளரை நேரில் பார்ப்பதால் என்ன நிகழ்கிறது? முதலில், ஒரு தவறான எண்ணம் உடைகிறது. தமிழ்க் கதை என்றால் அது மதுரைப் பக்கத்துக் கிராமத்திலோ சென்னைத் தெருவிலோதான் நடக்கும் என்று பல மாணவர்கள் நினைக்கின்றனர். அங்குள்ள கிணற்றடியும் வரப்பும் அவர்கள் பார்த்திராதவை. அப்போது அவர்கள்முன் வந்து நிற்பவர் தோ பாயோவிலோ உட்லண்ட்ஸிலோ குடியிருப்பவர். காலையில் அவர்களைப் போலவே பெருவிரைவு ரயிலில் வந்தவர். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தையும் ஈரச்சந்தையையும் தேசிய சேவையையும் தமிழில் எழுதியவர். தங்கள் வாழ்க்கையையும் தமிழில் எழுத முடியும் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

இது புதிய செய்தியே அன்று என்பதுதான் வியப்பு. 'புதுமைதாசன்' என்னும் புனைபெயரில் எழுதிய பி. கிருஷ்ணன், அடுக்குமாடி வாழ்க்கை சிங்கப்பூரர்களுக்குப் பழக்கமாகிக்கொண்டிருந்த காலத்திலேயே அதை நகைச்சுவையாகச் சித்திரித்து, 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' என்ற வானொலி நாடகத் தொடரை எழுதினார். பின்னர் அது நூலாகவும் வெளிவந்தது. க.து.மு. இக்பால் வானொலிக்காக இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைப் பாடல்களை எழுதினார். மா. இளங்கண்ணன் சிங்கப்பூர்த் தமிழர்களின் வாழ்க்கையைக் கதைகளிலும் நாவல்களிலும் பதிவு செய்து, 1982ஆம் ஆண்டில் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதைப் பெற்றார். இவர்கள் மூவரும் கலாசாரப் பதக்கம் பெற்றவர்கள். 2015ஆம் ஆண்டில், சிங்கப்பூர் விடுதலை பெற்ற பின் வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்கள் பல மின்வடிவில் தொகுக்கப்பட்டன. அவற்றைத் தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் எவரும் காணலாம்.

அதற்கும் முன்பே ஒரு வழி திறந்திருந்தது. கோ. சாரங்கபாணி 1935ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழ், 1950களில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியின்மூலம் மாணவர்களின் எழுத்துக்கு இடம் தந்தது. பெரியவர்கள் எழுதியதை மாணவர்கள் வாசிக்கட்டும் என்று அந்த இதழ் நிறுத்திக்கொள்ளவில்லை. மாணவர்களையே எழுதச் சொன்னது, எழுதியதை அச்சிட்டது. தன் பெயர் அச்சில் வருமா என்று பார்ப்பதற்காகவே இதழைப் பிரித்தவர், பக்கத்தில் இருக்கும் மற்றவர் எழுத்தையும் வாசிக்காமலா இருந்திருப்பார்? இன்றைய சந்திப்புகளில் சிறந்தவை இந்தப் பழைய உத்தியையே பின்பற்றுகின்றன. எழுத்தாளர் பேச்சைக் குறைத்து மாணவர்களை எழுத வைக்கிறார்.

ஆனால் எல்லாச் சந்திப்பும் பயன் தருவதில்லை. எண்ணூறு மாணவர்கள் அமர்ந்திருக்கும் மண்டபத்தில், அவர்களில் ஒருவரும் வாசித்திராத நூலைப் பற்றி ஒருவர் நாற்பது நிமிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைதட்டலும் நினைவுப் பரிசும் படமும் இருக்கும். வாசிப்பு மட்டும் இருக்காது. கேள்வி நேரத்தில் ஆசிரியர் எழுதிக் கொடுத்த மூன்று கேள்விகள் ஒப்பிக்கப்படும்: "நீங்கள் எப்போது எழுதத் தொடங்கினீர்கள்? உங்களுக்குப் பிடித்த நூல் எது? மாணவர்களுக்கு உங்கள் அறிவுரை என்ன?" இக்கேள்விகளை எந்த எழுத்தாளரிடமும் கேட்கலாம். அதனால்தான் அவற்றுக்கு வரும் விடையும் எவருக்கும் நினைவில் நிற்பதில்லை.

சந்திப்புக்கு இரண்டு வாரங்களுக்கு முன் ஒரே ஒரு சிறுகதையை வகுப்பில் சேர்ந்து வாசித்திருந்தால் நிலைமை மாறிவிடும். நான்கைந்து பக்கக் கதை போதும். "அந்தப் பாட்டி கடைசியில் ஏன் கதவைத் திறக்கவில்லை?" என்று ஒரு மாணவி கேட்கலாம். "அம்மாவை இவ்வளவு கோபக்காரராகக் காட்டியிருக்க வேண்டாம்" என்று ஒரு மாணவர் மறுக்கலாம். எழுத்தாளர் ஒரு நிமிடம் யோசித்து, தாம் முதலில் வேறொரு முடிவை எழுதி அதை அடித்துவிட்டதாகச் சொல்லக்கூடும். அடித்தல் திருத்தல் நிறைந்த கைப்படியை அவர் காட்டினால், கட்டுரை ஏட்டில் சிவப்பு மையைக் கண்டு சோர்ந்த மாணவருக்கு அது பெரிய ஆறுதல். இத்தகைய உரையாடல் முப்பது பேர் அமர்ந்த நூலக அறையில் நடக்கும். எண்ணூறு பேர் மண்டபத்தில் நடப்பது கடினம்.

மறுநாள் காலையில் நடப்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். ஆர்வம் கொண்ட மாணவர்கள் நூலகத்திற்கு வருவார்கள். அந்த எழுத்தாளரின் நூல் அங்கே இருக்க வேண்டும். ஒரே ஒரு பிரதி இருந்தால் போதாது. "அடுத்த மாதம் வரும்" என்ற பதிலைக் கேட்டவர் அடுத்த மாதம் திரும்ப மாட்டார். பதின்ம வயதில் ஆர்வத்தின் ஆயுள் குறைவு. ஆகவே எழுத்தாளரை அழைக்கும்போதே நூல்களுக்கும் சொல்லி வைப்பது விவரமறிந்த நூலகப் பொறுப்பாளரின் வழக்கம்.

பள்ளி நூலகம் எப்படி அமைந்திருக்கிறது என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் நூலகங்களையும் பதின்ம வயதினரின் வாசிப்பையும் தேசியக் கல்விக் கழகத்தின் ஆய்வாளர் லோ சின் ஈ பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதியுள்ளார். நூலகத்திற்குள் நுழைந்து பார்த்தாலே சில உண்மைகள் புலப்படும். முதுகுப்புறம் மட்டும் தெரியும்படி அடுக்கிய நூலை எவரும் தொடுவதில்லை. அதே நூலை அட்டைப்படம் தெரியும்படி நிறுத்தினால் கை நீள்கிறது. தமிழ் அடுக்கு மூலையில் இருந்தால் தமிழ் வாசிப்பும் மூலையில்தான் இருக்கும். சில நூலகங்களில் நூல்களைத் தாளில் சுற்றி, மேலே இரண்டு வரிக் குறிப்பு மட்டும் எழுதி வைக்கின்றனர். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே மாணவர்கள் இரவல் பெறுகின்றனர்.

இங்கே சக மாணவரின் சொல்லுக்கு உள்ள மதிப்பு ஆசிரியரின் சொல்லுக்கு இல்லை. ஆசிரியர்கள் இதைக் கேட்டு வருந்த வேண்டியதில்லை. ஜூரோங் வட்டார நூலகத்தில் பதின்ம வயதினருக்கென்று ஒரு பகுதி அமைந்தபோது, அதை உருவாக்குவதில் பதின்ம வயதுத் தொண்டூழியர்களே பங்கெடுத்தனர். பள்ளியிலும் அப்படியே. நூலகக் குழு மாணவர் ஒருவர் மூன்று நிமிடம் எழுந்து நின்று, கதையின் பாதியை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தால், மீதிப் பாதிக்காக நான்கு பேராவது வருவார்கள்.

இந்தச் சிந்தனைக்கு ஒரு தமிழரே வழிகாட்டியிருக்கிறார். சீர்காழியில் 1892ஆம் ஆண்டில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், நூலகவியலின் ஐந்து விதிகளை 1931ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் ஒருவர் உண்டு என்பது அவ்விதிகளுள் இரண்டின் கருத்து. அதே ஆண்டில் மன்னார்குடியில் மாட்டுவண்டி ஒன்று நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றது. வாசகர் வராவிட்டால் நூல் அவரைத் தேடிப் போகட்டும் என்ற எண்ணம் அது. சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டு முதல் 'மோலி' என்னும் நடமாடும் நூலகப் பேருந்து அதே வேலையைச் செய்கிறது. மாட்டுக்குப் பதிலாக இயந்திரம். குளிர்சாதன வசதி வேறு!

பிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான தானியேல் பென்னாக், வாசகருக்கு உள்ள உரிமைகளை 1992ஆம் ஆண்டில் ஒரு நூலில் பட்டியலிட்டார். அவற்றுள் ஒன்று, நூலை முடிக்காமல் விட்டுவிடும் உரிமை. இதை அறிந்ததும் சில பெற்றோர் புருவத்தை உயர்த்தலாம். ஆனால் பிடிக்காத நூலை முடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்டவர், அடுத்த நூலை எடுக்கவே அஞ்சுவார். இருபது பக்கம் வாசித்துப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம் என்று தெரிந்தவர் துணிந்து எடுப்பார். வாசித்த ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பயிற்சித் தாளை நிரப்பச் சொல்வதும் இப்படித்தான். அந்தத் தாளைத் தவிர்ப்பதற்காகவே நூலைத் தவிர்ப்பவர் உண்டு.

சில பள்ளிகளில் தாளுக்குப் பதிலாக, நூலின் பின்னட்டையில் ஒரு சிறு அட்டையை ஒட்டி வைக்கின்றனர். வாசித்தவர் விரும்பினால் தம் கருத்தை ஒரே வரியில் எழுதலாம், மதிப்பெண் கிடையாது. "முதல் பத்துப் பக்கம் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்" என்று ஒருவர் எழுதியிருப்பார். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், "பொறுத்துக்கொண்டேன்" என்று இருக்கும்.