வெப்பப் பம்பியும் எரியுலையும்

குளிர்நாடுகளில் வீட்டை வெப்பமூட்டுதல் உயிர்காக்குஞ் செயலாகும். கனடாவின் ரொறன்ரோ நகரிலே மாரிக்காலத்துச் சில இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழ் 20 பாகைவரை இறங்குதல் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து சென்று அங்கு வீடு வாங்கியோர் பலர் இன்று ஒரு வினாவை எதிர்நோக்குகின்றனர். நிலவறையிலுள்ள பழைய வாயுவுலை பழுதுற்றால், அவ்விடத்தில் மற்றோர் உலையை அமைப்பதா, வெப்பப் பம்பியை அமைப்பதா என்பதே அது.

உலை இயற்கை வாயுவை எரித்து வெப்பத்தை உண்டாக்கும். விசிறியொன்று சூடேறிய காற்றை அறைகளுக்குச் செலுத்தும். எரிபொருள் தரும் வெப்பத்தில் 95 வீதத்தை வீட்டினுட் சேர்க்கும் உலைகளும் உள. ஆயினும் 100 வீதம் என்னும் எல்லையை எவ்வுலையுங் கடத்தல் இயலாது.

பம்பியோ வெப்பத்தை இடம்பெயர்க்கின்றது. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தோர் இதன் செயலை அறிவர். எளிதில் ஆவியாகுந் திரவமொன்று வெளிச்சுருளில் ஆவியாகி வெளிக்காற்றின் வெப்பத்தைக் கவரும். அமுக்கி அவ்வாவியை நெருக்கிச் சூடேற்றும். உட்சுருளில் அது ஒடுங்கி அவ்வெப்பத்தை வீட்டினுள் விடும். பனிக்காற்றில் வெப்பம் ஏது எனின், தனிப்பூச்சியம் அதனினும் 250 பாகை கீழேயன்றோ உளது! பின்னாளிற் கெல்வின் பிரபு எனப்பட்ட உவில்லியம் தொம்சன் 1852 இலேயே இக்கருத்தை வெளியிட்டார். சூரிச் நகரமண்டபம் 1938 இல் லிம்மற் ஆற்றுநீரிலிருந்து இவ்வாறு வெப்பம் பெற்றது.

வீட்டினுள் 20 பாகையும் வெளியே பூச்சியமுமாயின், ஓரலகு மின்சத்திக்கு 14 அலகு வெப்பம் பெறலாம் எனக் கொள்கை கூறும். நடைமுறையிற் கிடைப்பது ஏறத்தாழ 3 அலகே. வெளிவெப்பநிலை -20 பாகையாகுங்கால் கொள்கையளவு 7 ஆகக் குறையும். கைக்கு எட்டுவது 2 அலகளவே. வீட்டிற்கு வெப்பம் மிக வேண்டப்படும் இரவிலேயே பம்பி மெலிகின்றது. இக்குறையை விற்போர் உரக்கச் சொல்வதில்லை.

இனிச் செலவு. சமவளவு சத்திக்கு மின்சாரத்தின் விலை வாயுவின் விலையிலும் மூன்று மடங்கிற்கு மேற்படின், மூன்றலகு தரும் பம்பியும் உலையிலும் கூடிய செலவையே தரும். ஆதலின் இயந்திரத்தின் வினைத்திறனை மட்டும் நோக்கி முடிவு செய்வோர் ஏமாறுவர். இருவகைக் கட்டணச் சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

புகையைப் பற்றிய கணக்கு வேறு. நிலக்கரியை எரித்து மின்னாக்கும் நிலையம் அதன் வெப்பத்தில் மூன்றிலொரு பங்கையே பெரும்பாலும் மின்னாக மாற்றுமாதலின், பம்பியின் மும்மடங்கு அங்கேயே கரைந்துவிடும். ஒன்ராறியோ மாகாணமோ 2014 இல் நிலக்கரி மின்னாக்கத்தை ஒழித்தது; அதன் மின்னில் மிகுதி அணுவினாலும் நீரினாலும் பெறப்படுவது. நீர்மின் நிறைந்த நோர்வே 2020 முதல் கட்டடங்களை எண்ணெயால் வெப்பமூட்டுதலைத் தடைசெய்தது.

மின்தடையின்போது உலையே துணை என்பர் சிலர். 2013 திசெம்பரில் உறைமழைப் புயலால் ரொறன்ரோவின் மின்கம்பிகள் அறுந்தபோது, விசிறி ஓடாமையால் வாயுவுலைகளும் வாளாவிருந்தன.

உலையை அகற்றாது பம்பியையும் சேர்த்தல் அந்நகருக்கு ஏற்றதெனலாம். மிதமான குளிரிற் பம்பியும் கடுங்குளிரில் உலையும் தொழிற்படும். எதை வாங்கினும், முதற்கண் சாளர இடுக்குகளை அடைத்துக் கூரையின் கீழ் வெப்பக்காப்பிடுதல் வேண்டும். அதன்பின்னரே இயந்திரத்தின் அளவைக் கணித்தல் முறையாம்.