நீர் கழுவாத புகை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து ஒவ்வொன்றாய்க் கழன்று வந்த பர்மாத் தேக்குத் தூண்களும் எனாமல் பாத்திரங்களும் அடுக்கிக் கிடக்கும் பழம்பொருள் கடையொன்றில், என் சகோதரி மகனோடு நின்றிருந்தபோது, ஒரு பித்தளை ஹுக்கா கண்ணில் பட்டது. எத்தனையோ வருஷம் புழங்காத அதன் குடத்தை மூக்கருகே கொண்டுபோனேன். புகையிலை நெடி இன்னும் போகவில்லை. அடியில் கரிய பிசின் ஒட்டியிருந்தது.

பாட்டனார் வியாபாரத்துக்குப் போன மலேயாவில்தான் இன்று அவனும் உத்தியோகம் பார்க்கிறான். சனிக்கிழமை இரவுகளில் சிநேகிதர்களோடு கோலாலம்பூரில் ஹுக்கா பிடிப்பதுண்டாம். "இது சிகரெட் மாதிரி இல்லை, அம்மான். புகை தண்ணிக்குள்ள போயித்தானே வருது? கெட்டதெல்லாம் அதிலேயே நின்னுடுமே" என்றான்.

தண்ணீரின் மேல் நமக்குள்ள பக்தி அப்படி. ஊருணி நீரையே உயிராய்க் காத்த சீமையல்லவா இது! முகலாயர் காலத்து வைத்தியர் ஒருவர், நீரில் புகுந்தால் புகையின் தோஷம் நீங்குமென்று கருதியே இக்கருவியை அமைத்தார் என்று ஒரு கர்ணபரம்பரைக் கதையும் உண்டு. ஆனால் புகை நீரில் கரைந்து வருவதில்லை; குமிழிகளுக்குள் அடைபட்டுக் கணப்பொழுதில் மேலே வந்துவிடுகிறது. நிக்கோடினில் ஒரு பங்கை நீர் பிடித்து வைப்பது மெய்யே; அந்தக் குறையை ஈடுசெய்யவே தேகம் மேலும் மேலும் இழுக்கச் சொல்கிறது. நீர் செய்யும் பெரிய காரியம் புகையைக் குளிரச் செய்வதுதான். தொண்டையை உறுத்தாத அந்தப் புகை, சுவாசகோசத்தின் அடியிலுள்ள நுண்ணிய காற்றறைகள் வரை தாராளமாக இறங்குகிறது.

இதைவிட என்னை அச்சுறுத்துவது உச்சியில் கனலும் அடுப்புக்கரி. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு நிறமற்றது, மணமற்றது, நீரில் ஏறத்தாழ கரையாதது. பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகலாக அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வதால், தலைவலியும் மயக்கமும் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்பட்டோர் உண்டு. புகையிலை கலவாத 'மூலிகை' ஹுக்காவிலும் எரிவது அதே கரிதான்.

சிகரெட் ஒன்றுக்கு 8 முதல் 12 இழுப்புகள் என்றால், 20 முதல் 80 நிமிஷம் நீளும் ஹுக்கா அமர்வில் 50 முதல் 200 இழுப்புகள் ஆகும் என்றும், உட்செல்லும் புகையின் அளவு 100 சிகரெட்டுகளுக்குச் சமமாகவும் ஆகலாம் என்றும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆய்வுக் குழு 2005-ல் எச்சரித்தது. நாள்பட்ட மூச்சிரைப்பு நோய்க்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் இதனோடு சம்பந்தம் காணப்பட்டிருக்கிறது; ஒரே குழாய் வாய்க்கு வாய் மாறுவதால் தொற்றுநோய் பரவும் அபாயம் வேறு. தமிழகச் சட்டசபை 2022-ல் நிறைவேற்றி, 2023-ல் குடியரசுத் தலைவரின் சம்மதம் பெற்ற திருத்தச் சட்டத்தின்படி, இங்கே ஹுக்கா கூடம் நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறைவாசம் உண்டு.

இவற்றையெல்லாம் கடை வாசலிலேயே சொன்னேன். அவன் மறுத்துப் பேசவில்லை. குடத்தைச் சாய்த்து அந்தப் பிசினை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். அன்றிரவு முற்றத்தில் உலவியபடி கோலாலம்பூர்ச் சிநேகிதனோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, 'அடுப்புக்கரி' என்ற சொல் இரண்டு முறை என் காதில் விழுந்தது.