இசையகராதியைத் தேர்ந்துகொள்ளுதல்

சங்கீதம் பயிலத் தொடங்கும் மாணவர் முதலில் வாங்குவது சுருதிப்பெட்டி. அடுத்து வாங்குவது சுரதாளக் குறிப்போடு கூடிய கீர்த்தனைப் புத்தகம். அகராதி ஒன்று வேண்டுமென்னும் எண்ணம் பெரும்பாலும் பரீட்சை நெருங்கும்பொழுதே எழுகின்றது. வட இலங்கைச் சங்கீத சபை நடத்தும் பரீட்சைகளிற் செய்முறையோடு அறிமுறையும் உண்டு. அறிமுறைக்குப் படிக்கும் மாணவர், 22 ஆவது மேளகர்த்தா இராகம் யாதென அறிய இரண்டு நூல்களைப் புரட்டுகின்றார் என்று கொள்வோம். ஒன்றிலே கரகரப்பிரியா என்றிருக்கும். மற்றொன்றிலே ஸ்ரீராகம் என்றிருக்கும். இவற்றுள் எது பிழையென்று அவர் கலங்குதல் இயல்பே.

இரண்டும் பிழையல்ல. இன்று பாடசாலைகளிற் பெரிதும் வழங்கும் கனகாங்கி முதலிய பெயர்ப்பட்டியல் சங்கிரக சூடாமணி என்னும் நூலைத் தழுவியது. முத்துசுவாமி தீட்சிதர் பரம்பரையினரோ வேங்கடமகி வழிவந்த வேறொரு பட்டியலைப் போற்றினர். சுப்பராம தீட்சிதர் 1904 இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி அதனையே பின்பற்றுகின்றது. அங்கே 8 ஆவது மேளம் அனுமத்தோடியன்று, ஜனதோடி. 28 ஆவது அரிகாம்போதியன்று, அரிகேதாரகௌளை. 65 ஆவது மேசகல்யாணியன்று, சாந்தகல்யாணி. ஆதலால், எண்ணையும் பெயரையும் மாத்திரம் தந்து, அப்பெயர் எம்மரபிற்குரியதென்று சொல்லாத அகராதி, மாணவருக்கு உதவுவதிலும் பார்க்க அவரை மயக்குவதே மிகுதி. தம் ஆசிரியர் சொல்லிக்கொடுத்த பெயரை அச்சிற் காணாத இளம் மாணவர், ஆசிரியரையே ஐயுறத் தொடங்குவர். அச்செழுத்துக்கு அவ்வளவு மதிப்பு உண்டு!

எனவே, கடையிலோ நூல்நிலையத்திலோ ஓர் இசையகராதியைக் கையில் எடுப்பவர், அதன் பருமனையும் அட்டையையும் நோக்குமுன் மேளம் என்ற சொல்லைத் தேடிப் பார்ப்பாராக. தாய் இராகமும் மேளம். கோயில் வாயிலில் நாகசுரத்தோடு ஒலிப்பதும் மேளம். சுருதி என்ற சொல்லும் அவ்வாறே. பாடகர் நிலையாகக் கொள்ளும் ஆதார ஒலிக்கும் அது பெயர். ஒரு தானத்தின் மிக நுண்ணிய பகுப்புக்கும் அது பெயர். பல்லவி என்பது கீர்த்தனையின் முதலுறுப்பு. இராகம், தானம் என்பவற்றைத் தொடர்ந்து விரித்துப் பாடப்படும் பெரும் பகுதியும் பல்லவியே. இப்பொருள்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் நூல் நம்பத்தக்கது. ஒரு பொருளை மாத்திரம் கூறி அமையும் நூலைத் திரும்ப வைத்துவிடலாம்.

சுருதி என்ற சொல்லிலே இன்னுமொரு சோதனை உண்டு. ஒரு தானத்தில் எத்தனை சுருதிகள்? சார்ங்கதேவரின் சங்கீத ரத்தினாகரம் 22 என்னும். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்திலே, அக்கணக்கை மறுத்துப் பழந்தமிழர் கொண்டவை 24 என்று வாதிட்டார். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக 1947 இல் வெளிவந்த யாழ்நூலில், 22 அலகு என்ற கணக்கையே கொண்டு நரம்புகளை ஆராய்ந்தார். மூவரும் பேரறிஞர். இக்கருத்து வேறுபாட்டினை அகராதிக்காரர் தீர்த்துவைக்க வேண்டுவதில்லை. ஆயினும் மறைத்தல் ஆகாது.

தென்னிந்திய இசைக்கு ஆங்கிலத்தில் எழுந்த அகராதிகளுள் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியின் நூல் பெயர்பெற்றது. முதற்றொகுதி 1952 இலும், இரண்டாவது 1959 இலும், மூன்றாவது 1971 இலும் வந்தன. ஆங்கில நெடுங்கணக்கைத் தழுவிய இவ்வகராதி, 1973 இல் ஆசிரியர் மறைந்தபொழுது வரிசையின் இறுதியை எட்டவில்லை. வீணையும் யாழும் அவ்வரிசையின் கடைசியில் வருவன என்பதை நினைக்குந்தோறும், தொகுதி தொகுதியாக வெளிவரும் நூலை வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை கிடைக்கின்றது: கையிலுள்ள தொகுதி எவ்வெழுத்தோடு முடிகின்றதென்பதை முதலிற் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். தமிழிலேயே தேட விரும்புவோர்க்கு வீ. ப. கா. சுந்தரம் 1992 முதல் தொகுதிகளாக வெளிப்படுத்திய தமிழிசைக் கலைக்களஞ்சியம் உண்டு. பண், பாலை, திறம் முதலிய பழஞ்சொற்களுக்கு அஃது விரிவாக இடந்தருகின்றது. ஆனால் அது களஞ்சியம். சொல்லுக்கு இரண்டு வரியிற் பொருள் வேண்டுவோர் அதனுட் புகுந்தால், ஒரு மாலைப் பொழுது கழிந்த பின்னரே வெளிவருவர்.

மேனாட்டிசை பயில்வோருக்குப் பெருநூல் குரோவ் அகராதியாகும். பொறியியலாளரான ஜோர்ஜ் குரோவ் 1879 இல் தொடங்கி நான்கு தொகுதிகளாக வெளியிட்ட அது, 1980 இல் 20 தொகுதிகளாகவும் 2001 இல் 29 தொகுதிகளாகவும் வளர்ந்தது. தனி மாணவர் வாங்கும் விலையன்று; நூல்நிலையத்திற்கே ஏற்றது. வீட்டிற்கு வேண்டுமாயின், பேர்சி ஸ்கோல்ஸ் 1938 இல் ஏறக்குறையத் தனியொருவராகவே எழுதி முடித்த ஒக்ஸ்போர்ட் இசைத்துணை நூலின் வழிவந்த ஒற்றைத் தொகுதிப் பதிப்புகள் போதும். பெருநூலாயின் பிழையிராது என்றும் எண்ணற்க. 1980 ஆம் ஆண்டுக் குரோவில் டென்மார்க் நாட்டு இசைஞர் ஒருவரின் வரலாறு அழகுற எழுதப்பட்டிருந்தது. அப்படி ஒருவர் பிறக்கவேயில்லை. கட்டுரையாளர் ஒருவர் வேடிக்கையாகப் புனைந்த பெயர் அது! பின்னர் அப்பகுதி நீக்கப்பட்டது.

வாழ்க்கை வரலாறுகளுக்கு நூலின் வயதையும் நோக்குதல் வேண்டும். தியாகராஜ சுவாமிகள் 1767 இல் பிறந்தாரென்பதே இன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. 1759 என்று குறித்த பழைய நூல்களும் உள. அத்தகைய நூலைப் பழைய புத்தகக் கடையில் மலிவாகப் பெற்றவர் அதனை எறிந்துவிட வேண்டுவதில்லை. சொற்பொருளுக்கு அது இன்றும் பயன்படும். ஆண்டுகளை மாத்திரம் புதிய நூலொன்றோடு ஒப்பிட்டு, ஓரத்திலே பென்சிலாற் குறித்துவைத்தல் நன்று. தம் ஆசிரியரின் பாடாந்தரத்தில் வழங்கும் இராகப் பெயரையும் அவ்வோரத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.