சோறும் இறங்க வேண்டும், பேச்சும் வர வேண்டும்

1981-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர், தீயணைப்பு வீரர்களும் நிறுவன அதிகாரிகளுமாக 37 பேரிடம் ஒரு சங்கடமான கேள்வியை வைத்தார்கள். எல்லோருமே நல்ல உடல்நலத்தோடு இருந்தவர்கள். குரல்வளையில் முற்றிய புற்றுநோய் வந்தால் இரண்டு வழி. அறுவை செய்து குரல்வளையை எடுத்துவிட்டால் ஆயுள் கூடும், இயல்பான பேச்சு போகும். ரேடியேஷன் மட்டும் கொடுத்தால் பேச்சு தங்கும், பிழைக்கும் வாய்ப்பு குறையும். எது வேண்டும்? ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், ஆயுள் குறைந்தாலும் குரலே வேண்டும் என்றார்.

பத்தாண்டு கழித்து அந்த இக்கட்டுக்கு ஒரு வழி பிறந்தது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் 332 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 1991-ல் வெளியானது. ஒரு சாராருக்கு அறுவையும் ரேடியேஷனும், மறு சாராருக்கு முதலில் கீமோ, பிறகு ரேடியேஷன். இரண்டாண்டு முடிவில் இரு சாராரிலும் 68 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கீமோ பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்குக் குரல்வளையும் தப்பியது. அதன் பிறகு, குரல்வளையை எடுக்காமல் குணப்படுத்த முடியுமா என்பதே மருத்துவர்களின் முதல் யோசனை ஆயிற்று.

ஆனால், குரல்வளை இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு.

தண்ணீரில் இருக்கும் ஆபத்து

குரல்வளைக்குப் பேச்சைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயை மூடுவது அதுதான். ரேடியேஷன் புற்றணுக்களை அழிக்கும்போதே தொண்டைத் தசைகளையும் இறுக்கிவிடுகிறது. சிகிச்சை முடிந்து மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் இந்த இறுக்கம் கூடலாம். சாப்பிடும்போது புரையேறும். அதைவிட ஆபத்து, புரையேறாமலே உணவு நுரையீரல் பக்கம் இறங்குவது. உணர்ச்சி மழுங்கிய தொண்டையில் இருமல்கூட வராது. அடிக்கடி காய்ச்சல், நிமோனியா என்று படுத்த பிறகே விஷயம் தெரியும்.

விழுங்கச் சிரமப்படுபவருக்கு ‘தண்ணியா ஏதாவது கொடு’ என்பது நம் வீட்டு வழக்கம். பலருக்கு அதுவே வினை. தண்ணீர், ரசம், காபி எல்லாம் மூச்சுக்குழாய் மூடுவதற்குள் ஓடிவிடும். கெட்டியான கேழ்வரகுக் கூழ் மெல்ல இறங்குவதால் சிலருக்கு அது தோது. எச்சில் வற்றியவருக்கோ சப்பாத்தியும் பொரியலும் தொண்டையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். யாருக்கு எது சேரும் என்பதை ஊகத்தில் முடிவு செய்யக் கூடாது. பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எடுக்கும் எக்ஸ்ரே வீடியோவோ, மூக்கு வழியே விடும் கேமராவோ அதைக் காட்டிவிடும். அதைப் பார்த்துப் பயிற்சி சொல்பவர் ஸ்பீச் தெரபிஸ்ட்.

அவரை ரேடியேஷன் தொடங்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. தொண்டைப் பயிற்சிகளை அப்போதே ஆரம்பித்து, மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கு வாயாலும் சாப்பிட்டு வந்தவர்கள் பின்னால் நன்றாக விழுங்குகிறார்கள். உணவுக்கு மூக்கில் டியூப் போட்டாயிற்றே என்று விட்டுவிட்டால், வேலையில்லாத தசை மெலிந்துபோகும். பல் மருத்துவரையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். ரேடியேஷனுக்குப் பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். காரணமில்லாத அசதிக்கு நோயை மட்டும் பழி சொல்லாதீர்கள். கழுத்தில் பட்ட கதிர் தைராய்டு சுரப்பைக் குறைத்திருக்கலாம். 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை அதைச் சொல்லிவிடும்.

கழுத்தால் மூச்சு, வால்வால் பேச்சு

குரல்வளையை முழுவதும் எடுத்தே ஆக வேண்டியவர்களுக்கும் பேச்சு முடிந்துபோவதில்லை. காற்றை உணவுக்குழாய்க்குள் வாங்கி வெளிவிட்டுப் பேசப் பழகலாம், ஆனால் பல மாதப் பயிற்சி வேண்டும். கழுத்தில் அழுத்திப் பேசும் பேட்டரி கருவி உடனே கைகொடுக்கும், குரல் மட்டும் ஒரே சுருதியில் எந்திரம்போல வரும். 1980-ல் அமெரிக்காவின் மார்க் சிங்கரும் எரிக் பிளாமும் வெளியிட்ட மூன்றாவது முறைதான் இன்று முன்னணியில் இருக்கிறது. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே ஒரு சின்ன வால்வு. மூச்சுவிடக் கழுத்தில் இட்ட துளையை விரலால் மூடினால் நுரையீரல் காற்று வால்வு வழியே சென்று பேச்சாகும். சில மாதங்களுக்கு ஒருமுறை வால்வை மாற்ற வேண்டும். இறக்குமதி வால்வு ஆயிரக்கணக்கில் விலை. பெங்களூரு புற்றுநோய் அறுவை நிபுணர் விஷால் ராவ், சுமார் 50 ரூபாயில் ‘ஓம்’ என்ற வால்வை உருவாக்கியது இதனால்தான்.

மூச்சு கழுத்து வழியே போவதால் மற்ற பழக்கங்களும் மாற வேண்டும். குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகக் கூடாது. வாசனை தெரிவது குறையும், அடுப்படியில் கேஸ் கசிந்தாலும் தெரியாது. உதடுகளை மூடிக்கொண்டு, தாடையைத் தாழ்த்திக் கொட்டாவி விடுவதுபோலச் செய்தால் மூக்கில் காற்று ஏறும். வாசனையை ஓரளவு மீட்க இந்தப் பயிற்சி உதவும். அவசரத்தில் ஆக்சிஜனை வாயில் அல்ல, கழுத்துத் துளையில் வைக்க வேண்டும். வீட்டார் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், நோயாளியின் சட்டைப்பையிலும் இதை எழுதிய ஒரு சீட்டு இருக்க வேண்டும்.

கட்டி கரையுமா என்று கேட்பதோடு மருத்துவரிடம் நிறுத்திக்கொள்ளாதீர்கள். எப்படிச் சாப்பிடுவேன், எப்படிப் பேசுவேன், பயிற்சி எப்போது தொடங்கும், யார் சொல்லித் தருவார் என்றும் கேளுங்கள். சிகிச்சை முறையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கேளுங்கள். இவற்றுக்கும் பதில் பெறுவது நோயாளியின் உரிமை.