கலைக் கல்விக்கு யார் விலை கொடுப்பது?

அண்மையில் ஒரு மாலைப் பொழுதில் என் பழைய மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார். சிறு நகரம் ஒன்றில் ஜவுளிக்கடை நடத்துபவர். அவருடைய மகளுக்கு, பாரீஸில் அமெரிக்கப் பாணியில் இயங்கும் கலை, வடிவமைப்புக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. 'வீட்டை அடமானம் வைக்கலாமா, கூடாதா? நீங்கள் சொல்லுங்கள் ஐயா' என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்த எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. பத்து நாள் அவகாசம் கேட்டுக்கொண்டேன். அந்தப் பத்து நாள்களில் நான் தெளிந்தவை பிற பெற்றோருக்கும் உதவக்கூடும்.

ஐரோப்பிய மண்ணில் அமெரிக்கக் கல்லூரியா என்று வியக்க வேண்டியதில்லை. நியூயார்க்கின் பார்சன்ஸ் கலைப்பள்ளி 1921-ஆம் ஆண்டிலேயே பாரீஸில் வகுப்புகளைத் தொடங்கியது. பாரீஸின் அமெரிக்கப் பல்கலைக்கழகம் 1962-இலும், ரோம் நகரின் ஜான் கேபட் பல்கலைக்கழகம் 1972-இலும் தோன்றின.

இவற்றுக்கும் அந்நாட்டுக் கல்வி நிறுவனங்களுக்கும் என்ன வேறுபாடு? 1999-இல் 29 ஐரோப்பிய நாடுகள் கையெழுத்திட்ட போலோன்யா பிரகடனத்துக்குப் பிறகு, அங்கு இளநிலைப் பட்டம் பெரும்பாலும் மூன்று ஆண்டுப் படிப்பாகிவிட்டது. மாணவர் முதல் நாளிலேயே தம் துறைக்குள் நுழைந்துவிடுவார். அமெரிக்க முறையில் நான்கு ஆண்டுகள். முதலாண்டு அடித்தளப் பயிற்சி. கோடு, வண்ணம், முப்பரிமாண வடிவம் என அனைத்தையும் தொட்டுப் பார்த்த பிறகே ஓவியமா, ஆடை வடிவமைப்பா, வரைகலையா என்று தேர்ந்தெடுக்கலாம். நுண்கலைப் பட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு பணிக்கூடப் பயிற்சி. எஞ்சியது கலை வரலாறு, எழுத்துப் பயிற்சி, சமூகவியல் போன்றவை.

தேர்வு முறையும் வேறு. மாணவர் தம் படைப்பைச் சுவரில் மாட்டிவிட்டு நிற்க, ஆசிரியரும் சக மாணவரும் அதன் நிறைகுறைகளை வெளிப்படையாக விவாதிப்பர். மனப்பாடம் செய்து மதிப்பெண் குவித்த நம் பிள்ளைகளுக்கு இது முதலில் அதிர்ச்சியாகவே இருக்கும்.

இதில் சுவையான வரலாறு ஒன்று உண்டு. அடித்தள ஆண்டு என்ற கருத்து அமெரிக்கப் பள்ளிகளில் வேரூன்றியதில் ஓர் ஐரோப்பியப் பள்ளிக்குப் பெரும் பங்குண்டு. 1919-இல் ஜெர்மனியின் வைமார் நகரில் வால்டர் குரோபியஸ் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில் அத்தகைய முன்பயிற்சி இருந்தது. நாஜிகளின் நெருக்குதலால் 1933-இல் அப்பள்ளி மூடப்பட்டது. யோசப் ஆல்பர்ஸ் அதே ஆண்டிலும், குரோபியஸும் மொஹோலி நாகியும் 1937-இலும் அமெரிக்கா சென்று கற்பிக்கத் தொடங்கினர். ஐரோப்பா விரட்டிய கல்வி முறை, அமெரிக்கப் பெயருடன் ஐரோப்பாவுக்கே திரும்பியிருக்கிறது. அதன் சாயல் நமக்கும் தொலைவில் இல்லை. ஈம்ஸ் தம்பதியர் 1958-இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1961-இல் ஆமதாபாதில் உருவான தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் அடித்தளப் பயிற்சி உண்டு.

இனி, பணக் கணக்கு. கலைக் கல்விக்கு இவ்வளவு செலவாவது ஏன்? பொருளியலறிஞர் வில்லியம் பாமோல் 1966-இலேயே இதற்கு விளக்கம் தந்தார். நால்வர் வாசிக்கும் இசைக்கு நூறாண்டுக்கு முன் எத்தனை பேர், எவ்வளவு நேரம் தேவைப்பட்டதோ, இன்றும் அவ்வளவே தேவை. இயந்திரத்தால் அதைச் சுருக்க முடியாது. ஊதியமோ உயர்ந்துகொண்டே போகும். பணிக்கூட வகுப்பும் அப்படித்தான். நூறு பேரை ஓர் அரங்கில் உட்காரவைத்து ஓவியம் கற்பிக்க இயலாது.

இந்தச் செலவை யாராவது ஏற்றாக வேண்டும். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுக் கலைப்பள்ளிகள் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை; வரி செலுத்துவோர் ஏற்கின்றனர். அமெரிக்கப் பாணித் தனியார் கல்லூரிகளில் பெற்றோர் ஏற்கின்றனர். அரசுப் பள்ளிகளில் சேர ஜெர்மனோ பிரெஞ்சோ தெரிந்திருக்க வேண்டும். இங்கு ஆங்கிலம் போதும். ஆக, நாம் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதி, பிரெஞ்சு கற்காமல் இருப்பதற்கான விலை. நான்காவது ஆண்டு என்பது கூடுதல் கட்டணம், கூடுதல் வாடகை, ஓராண்டு வருமான இழப்பு என்பதையும் மறக்கலாகாது.

அங்கீகாரத்தில் மூன்று கேள்விகள் உண்டு. அமெரிக்கத் தர மதிப்பீட்டு அமைப்பு ஒன்றின் அங்கீகாரம் இருக்கிறதா? கல்லூரி அமைந்துள்ள நாட்டின் அரசு அந்தப் பட்டத்தை ஏற்கிறதா? நம் நாட்டில் இணைத்தகுதிச் சான்று கிடைக்குமா? முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வந்துவிடாது. படிப்பு முடிந்தபின் அங்கேயே தங்கி வேலை தேடும் உரிமை பல நேரங்களில் இரண்டாவதையே சார்ந்தது. படிக்கும்போதே சம்பாதிக்கலாம் என்ற நம்பிக்கையும் அளவோடு இருக்கட்டும். பிரான்ஸில் வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 964 மணி நேரமே வேலை செய்யலாம். அந்த வருவாய் கைச்செலவுக்கு உதவும், கட்டணத்துக்குப் போதாது.

கலைத்துறையில் சிலர் மிகப் பெரும் பொருள் ஈட்டுவர். பலர் அளவாகவே ஈட்டுவர். அங்கே சராசரி வருமானம் என்ற எண் நம்மை ஏமாற்றும். கடன் தவணையோ மாதந்தோறும் தவறாமல் வரும். ரூபாயில் சம்பாதிப்பவர் யூரோவில் செலுத்தும்போது நாணய மாற்று விகிதத்தின் ஏற்றமும் அவர் தலையில்தான் விழும்.

இவ்வளவையும் எழுதி வைத்துக்கொண்டு தந்தையையும் மகளையும் வரச்சொன்னேன். அந்தப் பெண் தன் வரைவேடுகளைக் கொண்டுவந்திருந்தாள். கடைக்கு வரும் சேலைகளின் கரைகளை மூன்று ஆண்டுகளாக வரைந்திருக்கிறாள். ஒவ்வொன்றின் அருகிலும் எந்த ஊர் நெசவு என்ற குறிப்பு. பார்த்துக்கொண்டிருந்தபோது என் மகளின் நினைவு வந்தது. ஓவியம் படிக்க விரும்புவதாக அவள் சொன்ன நாளில், 'அது சோறு போடுமா?' என்ற ஒரே கேள்வியால் அவள் வாயை அடைத்தவன் நான். அன்று எந்தக் கணக்கையும் நான் போட்டுப் பார்க்கவில்லை. இன்று அவள் வங்கியில் நல்ல பதவியில் இருக்கிறாள். வரைவதை எப்போதோ விட்டுவிட்டாள்.

வீட்டை அடமானம் வைக்க வேண்டாம் என்று மாணவரிடம் சொன்னேன். ஓராண்டு சேர்க்கையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். அந்த ஓராண்டில் உதவித்தொகைக்கு முயலட்டும், ஆமதாபாத் நுழைவுத் தேர்வை எழுதட்டும், பிரெஞ்சு கற்கட்டும், கட்டணம் குறைந்த அரசுப் பள்ளிகளுக்கும் விண்ணப்பிக்கட்டும் என்றேன். பிறகு மகளைப் பார்த்து, 'இந்த ஓராண்டும் வரைவதை நிறுத்தாதே' என்றேன்.

பிள்ளைகளின் விருப்பத்துக்குக் கணக்குப் பார்ப்பது தவறில்லை. கணக்கே பார்க்காமல் வேண்டாம் என்பதுதான் தவறு. அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பது, என்னைப் போன்ற பெற்றோருக்குக் காலம் கடந்தே தெரியவருகிறது.