வீட்டு இணையமும் அதன் வாயிற் காவலும்

வீட்டுக்கு வாயிற்கதவு அமைக்கும்போது மரத்தின் தரத்தையும் பூட்டின் உறுதியையும் நாம் பலமுறை ஆராய்கின்றோம். ஆனால், உலகம் முழுவதும் நம் இல்லத்துட் புகுதற்கு வழியாயுள்ள மற்றொரு வாயிலைப் பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. மேசை மூலையிற் சிறு விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் ரவுட்டர் என்னும் கருவியே அவ்வாயில். வீட்டிலுள்ள கணினியும் தொலைக்காட்சியும் இணையத்தை அடைவது அதனூடாகவே.

இக்கருவியில் வீ.பி.என். வசதியையும் அமைத்துக்கொள்ளலாமா என இன்று பலர் வினவுகின்றனர். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் இலங்கையிற் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்ட வேளைகளிலே இச்சொல் நம்மிற் பலரது செவிக்கு எட்டியது. எனினும், சொல் பரவிய அளவுக்கு அதன் பொருள் பரவவில்லை.

வீ.பி.என். என்பது யாது? இக்காலத்து இணையத்தளங்களிற் பெரும்பாலானவை தகவல்களை மறைமொழியாக்கியே அனுப்புகின்றன. ஆதலின், நமக்கு இணைப்பு வழங்கும் நிறுவனத்தாருக்குக் கடிதத்தின் வாசகம் தெரியாது. ஆயினும் உறையின் மேலுள்ள முகவரி தெரியும். வீ.பி.என். அவ்வுறையை மற்றோர் உறையுள் இட்டு வேறொரு நிலையத்துக்கு அனுப்புகின்றது. அங்கு வெளியுறை நீக்கப்பட்டு, உள்ளுறை உரிய இடத்தைச் சேர்கின்றது. இணைப்பு வழங்குவோர் முன்னர்க் கண்ட முகவரியை இப்போது அந்நிலையத்தார் காண்பர். ஆகவே, நாம் ஒருவரை நம்பவேண்டிய தேவை ஒழியவில்லை; நம்பப்படுபவரே மாறுகின்றார். இலவசமாகக் கிடைக்கும் சேவையை நாடுவோர், அதை நடத்துவோருக்கு வருவாய் எங்கிருந்து வருகின்றது என்று ஒருமுறை வினவிக்கொள்ளல் நன்று.

இதனை ரவுட்டரிலேயே அமைப்பதால் வரும் நன்மை, வீட்டுக் கருவிகள் யாவும் ஒரே பாதுகாப்பான பாதையிற் செல்வதாகும். ஆயினும், எல்லா ரவுட்டர்களும் இதற்கு இசைவன அல்ல. வாங்குமுன் பெட்டியிலுள்ள குறிப்பை ஊன்றி வாசித்தல் வேண்டும். 'வீ.பி.என். கிளையன்ட்' என்றிருப்பின் அது வெளிச் சேவையொன்றுடன் இணையவல்லது. 'வீ.பி.என். சேர்வர்' என்பது வெளியூரிலிருக்கும்போது நம் வீட்டு வலையமைப்பை அடைவதற்குரியது. 'பாஸ்த்ரூ' என்று மாத்திரம் இருப்பின், பிற கருவிகளின் வீ.பி.என். இணைப்பைத் தடுக்காது செல்லவிடும் என்பதே பொருள். ரவுட்டர் தானாக எதனையும் அமைக்காது.

மறைமொழியாக்கம் ரவுட்டருக்குப் பெருஞ்சுமை; வேகம் குறையும். 2001ஆம் ஆண்டு தோன்றிய ஓப்பன்வீ.பி.என். முறையிலும், 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவில் இடம்பெற்ற வயர்கார்ட் முறை சிறிய கருவிகளிற் பொதுவாக விரைந்து இயங்கும். இரண்டாவது முறைக்கு இடந்தரும் ரவுட்டரையே தெரிவுசெய்தல் தகும்.

பொருத்தும் முறையும் கடினமன்று. ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதியில், உயரமான இடத்தில் வைத்தல் வேண்டும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை சுவர்களைக் கடந்து நெடுந்தூரம் செல்லும். 5 கிகாஹேர்ட்ஸ் அலை அண்மையில் மிகு வேகந் தரும். இணைப்பு நிறுவனம் தந்த ரவுட்டரின் பின்னால் இரண்டாவதைப் பொருத்துவதாயின், இரண்டுக்கும் ஒரே முகவரித் தொடர் இருத்தலாகாது, முதலாவது 192.168.1.1 எனின் மற்றதை 192.168.2.1 என மாற்றலாம். பின்னர் வீ.பி.என். சேவையார் தரும் அமைப்புக் கோப்பை ரவுட்டரில் ஏற்றி, அவ்விணைப்பு அறுந்தால் இணையமும் நிற்கும்படி செய்தல் வேண்டும். இணைப்பதற்கு முன்னும் பின்னும் நமது வெளி இணைய முகவரியை ஒப்பிட்டால், அது மாறியிருப்பதே வெற்றியின் சான்று.

இவை யாவற்றுக்கும் முன்னர்ச் செய்யவேண்டியது ஒன்றுண்டு: தொழிற்சாலையில் இடப்பட்ட நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுதல். 2016இல் மிராய் என்னும் தீய நிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே பல இலட்சம் கமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி அக்கருவிகள் டின் என்னும் நிறுவனத்தைத் தாக்கியதால், டுவிட்டர் முதலிய பெருந் தளங்களும் பலருக்கு எட்டாமற்போயின. கருவிகளின் உரிமையாளரோ ஏதும் அறியாதிருந்தனர்! கடவுச்சொல்லை மாற்றிய பின், மென்பொருளைப் புதுப்பித்து, வயர்லெஸ் பாதுகாப்பை டபிள்யூ.பி.ஏ.3 அல்லது டபிள்யூ.பி.ஏ.2 என அமைத்து, விருந்தினருக்குத் தனி வலையமைப்பும் வகுத்துவிட்டால் வாயில் உறுதிபெறும்.

வீ.பி.என். பூண்ட வீட்டிலும் போலி மின்னஞ்சல் வரும். அறிமுகமற்றோர் பிள்ளைகளுடன் உரையாட முயல்வர். நம் பெயரிற் புகும் தளங்கள் நம்மை அறிந்தே இருக்கும். வாயிலைக் காப்பது கருவியின் கடன். உள்ளே வருவோரை இனங்காணப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பெற்றோராகிய நமது கடன்.